கனடாவில் கால் வைக்காதவர்

டாலஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் கீழ்வீட்டு அமெரிக்கக் கிழவர் ஒருநாள் என் கணவரை நிறுத்தி மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார். பகலெல்லாம் உங்கள் வீட்டில் யாராவது மேஜை நாற்காலிகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்களா? யாரும் எதையும் நகர்த்தவில்லை. நான்தான் நடந்துகொண்டிருந்தேன். ஹாலிலிருந்து பெட்ரூம், பெட்ரூமிலிருந்து ஹால், நடுவில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடுவது. அதற்குமேல் போக அந்த வீட்டில் இடமில்லை.

கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்த மனைவிக்கு அந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். சென்னையில் இரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள். கல்யாணமாகி டெக்சாஸுக்கு வந்த பிறகு ஐந்து வருடம் கரண்டியையும் டிவி ரிமோட்டையும் தவிர வேறு கருவியை என் கை தொடவில்லை. கார் ஓட்டக் கற்றேன். மத்தியான வெயிலில், அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, டீ ஷர்ட்டோடு இறங்கி நானாகவே நீந்தக் கற்றேன். நூலகத்தில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கினேன். வார இறுதி விருந்துகளில் ஆன்ட்டிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள். "ஒரு குழந்தைய பெத்துக்கோம்மா, டைம் போறதே தெரியாது." டைம் போவது தெரியாமல் இருந்தால் நல்லது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கோடையில் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிப் படிக்கு வந்தது. அந்தப் படியில் ஒரு நல்ல காரியம் உண்டு. முடிவு வரும்வரை மனைவியும் வேலை பார்க்கலாம் என்று ஒரு அட்டை தருவார்கள். அட்டை வந்தது. நான் வெறிபிடித்தவள் மாதிரி விண்ணப்பங்கள் போட்டு, ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை வாங்கிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும். வேலை கிடைத்துவிட்டால் கால் ஓரிடத்தில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை, இன்னும் வேகமாக நடந்தேன். கீழ்வீட்டுக் கிழவரைத் தவிர்ப்பதற்காக என் கணவர் பின்பக்கப் படிக்கட்டில் வர ஆரம்பித்தார்.

அப்போதுதான் நூலகத்தில், திரும்பி வந்த பத்திரிகைகளை அடுக்கும்போது, அந்தப் படத்தைப் பார்த்தேன். மினசோட்டாவின் வட கோடி. ஏரிக்குப் பின்னால் ஏரி, அதற்குப் பின்னால் இன்னொரு ஏரி. நடுவில் காடு. ஒரு சின்னப் படகு. அதைக் கனூ என்கிறார்கள், இரண்டு பேர் துடுப்புப் போட்டு ஓட்டுவது. ரோடு கிடையாது, கடை கிடையாது, கரண்ட் கிடையாது. ஒரு ஏரி முடிந்தால் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அடுக்குவதை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். போக அடுத்த இடம் இல்லை என்றே ஆகாத ஓர் ஊர் இருக்கிறதே!

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈ காக்கை இல்லாத பார்க்கிங் லாட்டில், விடியற்காலையில், ஸ்டாப் போர்டைப் பார்த்தால் முழுசாக நிறுத்தி இரண்டு பக்கமும் பார்ப்பவர். கடையில் திராட்சையை வாயில் போட்டு ருசி பார்க்காதவர். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த காலம் அது. குழம்பாமல் இருக்கப் பழைய புரோகிராம்களை வரிவரியாகத் திருத்துவதுதான் அவருடைய வேலை, அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. நீந்தத் தெரியாது. இந்த மனிதரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். முடியாது என்பார், ஒரு வாரம் சண்டை போடலாம் என்று தயாராகப் போனேன்.

"சரி, போலாம்," என்றார்.

எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நண்பர்கள் வட்டத்தில் விஷயம் பரவியதும் ஆளாளுக்குக் கேட்டார்கள். "அங்க என்ன இருக்கு?" தண்ணீர் இருக்கிறது என்றேன். "அதுக்கு நயாகரா போகலாமே, அங்க இண்டியன் ரெஸ்டாரண்ட்டும் இருக்கு."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் உள்ள கிரேப்வைன் ஏரியில் வாடகைக்குப் படகு எடுத்து இரண்டு சனிக்கிழமை பழகினோம். முன்னால் உட்காருபவர் வேகம் கொடுக்க வேண்டும், பின்னால் உட்காருபவர் திசை திருப்ப வேண்டும். நான் முன்னால், அவர் பின்னால். படகு ராட்டினம் மாதிரி சுற்றியது. அவர் திருப்புவதற்குள் நான் நாலு துடுப்புப் போட்டுவிடுகிறேன் என்பது அவர் புகார். நான் நாலு போடும்வரை அவர் யோசித்துக்கொண்டே இருக்கிறார் என்பது என் புகார்.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஓடும் அதே முப்பத்தைந்தாம் எண் ஃப்ரீவேதான் மினசோட்டா வரை போகிறது. ஏறினால் கோடு போட்ட மாதிரி வடக்கே. புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய், ஐஸ் பெட்டி. பின் சீட்டில் பிரஷர் குக்கர். காட்டுக்குக் குக்கர் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "சாதம் வேகலைன்னா உனக்குத்தான் கோவம் வரும்," என்றார். ஓக்லஹாமாவும் கான்சாஸும் ஐயோவாவும் தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஸ்பீட் லிமிட்டுக்கு ஒரு மைல்கூட மேலே போகவில்லை. லாரிகள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின.

கனூ வாடகைக்கு விடும் கடையில், தாடி வைத்த ஒரு மனிதர் வரைபடத்தை விரித்து எங்கள் வழியை விரலால் காட்டினார். முதலில் உள்ளே இருக்கும் சின்ன ஏரிகள். கடைசியில் ஒரு பெரிய ஏரி, அதைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தால் கார் நிற்கும் இடத்துக்கு வந்துவிடலாம். அந்தப் பெரிய ஏரியின் நடுவில் ஒரு புள்ளிக்கோடு போயிற்று.

"இது என்ன கோடு?" என்றார் என் கணவர்.

"அதுவா? அந்தப் பக்கம் கனடா," என்றார் தாடிக்காரர், அந்தப் பக்கம் சமையலறை என்பதுபோல.

என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவை விட்டு வெளியே போக ஒரு முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அட்வான்ஸ் பரோல் என்று பெயர். ஜெயிலில் இருப்பவர்களுக்குத்தான் பரோல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வருடம் ஊருக்குப் போகப் போவதில்லை என்று நாங்கள் அதை வாங்கவில்லை. வாங்காமல் எல்லையைத் தாண்டினால் விண்ணப்பத்தை நாமே கைவிட்டதாக அர்த்தம். விண்ணப்பம் போனால் என் அட்டையும் போகும். அட்டை போனால் வேலை போகும். மறுபடி ஹால், பெட்ரூம், ஃபிரிட்ஜ்.

வெளியே வந்து காரில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார். "கேன்சல் பண்ணிட்டு ஏதாவது ஸ்டேட் பார்க் போயிடலாம்."

"தெற்குக் கரை ஓரமாவே போனா கோட்டைத் தொடவே மாட்டோம். அவ்ளோ பெரிய ஏரி. நான் திரும்பி வரமாட்டேன். நீங்க வேணா கார்லயே உக்காந்திருங்க."

அவர் உள்ளே போய் ஒரு சிவப்பு மார்க்கர் வாங்கிவந்து, புள்ளிக்கோட்டின் மேல் தடியாக ஒரு கோடு இழுத்தார். பாஸ்போர்ட்டுகளையும் விசாக் காகிதங்களையும் ஜிப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். "கரையிலேருந்து கல்லெறியற தூரம். அதுக்குமேல ஒரு அடி போகக்கூடாது," என்றார்.

உள் ஏரிகளைப் பற்றி என்ன சொல்ல? அழகாகத்தான் இருந்தன. ஆனால் நான் அழகு பார்க்கவில்லை. ஒரு ஏரிக்குள் நுழைந்ததும் அதன் அடுத்த முனை எங்கே என்றுதான் கண் தேடும். கூடாரம் போட நல்ல பாறை கிடைத்தால் அவர் முகம் மலரும், நான் "இன்னும் ஒரு லேக் போயிடலாம்" என்பேன். படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொசுப் படையோடு அவர் காட்டுப்பாதையில் நடப்பார். படகுக்கு அடியிலிருந்து முனகல் மட்டும் வரும். "எதுக்கு இந்த ஓட்டம்? யாரு தொரத்தறா?" என்று ஒருமுறை அந்த முனகல் கேட்டது. நான் இன்னும் வேகமாக முன்னால் நடந்தேன்.

முதல்நாள் சாயங்காலம் குக்கர் விசில் அடித்தது. அந்த நிசப்தத்தில் அது ரயில் மாதிரி கேட்டது. ஏரியின் அந்தக் கரையிலிருந்து ஒரு நீர்ப்பறவை நீளமாகப் பதில் கொடுத்தது. அடுத்த விசிலுக்கும் கொடுத்தது. என் கணவர் சிரித்துச் சிரித்துப் பாறையில் படுத்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரிய ஏரிக்கு வந்த காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கனடா தூரத்தில் ஒரு பச்சைக் கீற்று, நம்முடைய பச்சைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தெற்குக் கரையை ஒட்டியே போனோம். அவர் முழங்காலில் வரைபடம். "லெஃப்ட், லெஃப்ட்" என்று என்னைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். பாறைகளில் மோதாத குறை. "அமெரிக்காவ ஒரசிட்டுப் போகணுமா?" என்றேன். மறுபடி "லெஃப்ட்" என்றார்.

மத்தியானத்துக்குக் காற்று ஆரம்பித்தது. தெற்கிலிருந்து வீசியதால் கரையோரம் எங்களுக்குத் தெரியவே இல்லை, மரங்கள் மறைத்துக்கொண்டன. ஓரிடத்தில் கரை உள்வாங்கி ஒரு விரிகுடா. அதைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் கூடும். நேராக அதன் வாயைக் கடந்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவரும் தூரத்தை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாதி கடக்கும்போது விரிகுடாவுக்குள்ளிருந்து காற்று எங்கள் இடுப்பில் கைவைத்துத் தள்ளியது.

படகு மூக்கு வடக்கே திரும்பிவிட்டது. அவர் அதைத் தெற்கே திருப்பப் போராடினார். திருப்பும் ஒவ்வொரு தடவையும் படகு குறுக்காக நிற்கும், அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே கொட்டும். பின்னால் அவர் தொப்பலாக நனைந்துவிட்டார். கணுக்கால் அளவு தண்ணீரில் மண்டியிட்டிருந்தார். ஐஸ் கரைந்த தண்ணீர் மாதிரி இருந்தது அந்த ஏரி, ஆகஸ்ட் மாதத்தில்.

"விடுங்க! காத்தோட போலாம்!" என்று கத்தினேன்.

"கோடு! கோடு தாண்டிடும்!"

"கவுந்துடும்! உங்களுக்கு நீந்தத் தெரியாது!"

"லைஃப் ஜாக்கெட் இருக்கு. போடு, ரைட்ல போடு!"

ஸ்டாப் போர்டுக்கு நிற்கும் அதே முகம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே சமயம் நானும் வலது பக்கம் வெறித்தனமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அந்த வேலை வேண்டும். அவரைவிட எனக்குத்தான் வேண்டும். பெரிய அலை ஒன்று அவர் மடியில் கொட்டி, வரைபடத்தை அடித்துக்கொண்டு போயிற்று. சிவப்புக் கோடு தண்ணீரில் மிதந்து எங்களுக்கு முன்னால் கனடாவுக்குப் போனது. அதற்குப் பிறகு நாங்கள் முடிவெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. காற்று எங்களை எடுத்துக்கொண்டு போயிற்று. பாறை முனை ஒன்றைச் சுற்றியதும் சட்டென்று காற்று அடங்கியது. சின்னக் குடா, சரிவான பாறை, பின்னால் மரங்கள்.

நான் முழங்கால் தண்ணீரில் குதித்து, செருப்பு எங்கேயோ போக, வெறுங்காலோடு பாறையில் ஏறி, கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "எறங்குங்க."

அவர் இறங்கவில்லை. தண்ணீர் நிறைந்த படகில், இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது கனடா," என்றார்.

"தெரியும். எறங்குங்க."

"நீ எதுக்கு எறங்கின?"

"எனக்குப் பறக்கத் தெரியாது. அதான்."

பல் தந்தியடிக்க அவர் விளக்கினார். ஆபீஸ் மீட்டிங்கில் விளக்குவதுபோல வரிசையாக. "நான் ப்ரைமரி அப்ளிகன்ட். நீ டிபெண்டன்ட். நீ வெளிய போனா உன்னோடது மட்டும்தான் போகும். திருப்பி ஃபைல் பண்ணிக்கலாம். நான் எறங்கினா ரெண்டு பேரோடதும் போச்சு. உன் வேலை போச்சு. மறுபடி மொதல்லேருந்து."

"கோடு நடு ஏரியில போகுது. நீங்க எப்பவோ கனடாக்கு வந்தாச்சு!"

"அது காத்து தள்ளினது. எறங்கினா நானா எறங்கினதாகும். நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு?"

"கேக்கறவன் இங்க இருக்கமாட்டான். டாலஸ்ல இருப்பான்."

கெஞ்சினேன். திட்டினேன். அவர் குடும்பத்தையே திட்டினேன். அதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. கையை நீட்டுங்கள் என்றால் விரல் மடங்கவில்லை. பேச்சு குழற ஆரம்பித்தது. குளிரில் மனிதர்கள் இப்படித்தான் சாவார்கள் என்று தாடிக்காரர் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் படித்திருந்தேன். முதலில் நடுக்கம், பிறகு குழறல், பிறகு நடுக்கம் நின்றுவிடும்.

"எனக்கு அந்த வேலையே வேணாம்," என்று கத்தினேன். "கார்டு வேணாம், ஒண்ணும் வேணாம். ஊருக்குப் போயிடலாம். நீங்க எறங்கினா போதும்." அழுதுவிட்டேன். சொன்ன அந்த நிமிஷத்தில் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஐந்து வருடம் எதற்காக நடந்து நடந்து கார்ப்பெட்டைத் தேய்த்தேனோ, அது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

"வேணும்," என்றார் அவர். "உனக்கு வேணும். எனக்குத் தெரியும்."

என் கத்தலைக் கேட்டு மரங்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வயதான அமெரிக்கப் பெண்கள், அக்கா தங்கை. காற்றுக்கு ஒதுங்கி மேலே தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்களாம். அவருக்கு அடிபட்டிருக்கிறதா, கால் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை, கிரீன் கார்டு என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. மூச்சு வாங்க விளக்கினேன். அக்கா தன் தங்கையைப் பார்த்தார். இந்த எல்லை ஏரிகளில் இரண்டு தேசத்து ஜனங்களும் இரண்டு பக்கமும் போய்வரலாம், பழைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, கவலைப்படாமல் இறங்கு என்று என் கணவரிடம் சொன்னார்.

அந்த நிலையிலும் அவர் கேட்டார், குழறிக் குழறி. "சிட்டிசன்ஸ் ஒன்லி?"

அந்த அம்மாள் யோசித்தார். பாவம், பொய் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாட்டுக் குடிமக்களுக்கு என்றுதான் நினைவு என்றார். என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். நாங்கள் அந்த இரண்டில் எதுவும் இல்லை.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. இந்த மனிதரின் காலைத்தானே தரையில் படவைக்க முடியாது?

மூட்டைகளை எல்லாம் இறக்கினேன். குக்கரால் படகுத் தண்ணீரை மொண்டு கொட்டினேன். பிறகு மூவரும் கயிற்றைப் பிடித்தோம். அடுத்த அலை படகைத் தூக்கும்போது இழுத்தோம், அது இறங்கும்போது பிடித்துக்கொண்டோம், மறுபடி இழுத்தோம். கயிறு உள்ளங்கையை அறுத்தது. தங்கை பின்னால் போய்த் தண்ணீரில் நின்று தோளால் முட்டினார். சாமியைச் சப்பரத்தோடு ஏற்றுவதுபோல அவரைப் படகோடு கனடாவின் பாறைமேல் ஏற்றினோம். அடிப்பக்கம் கிறீச்சிட்டுத் தேய்ந்தது. வாடகைப் படகு கீறுகிறது என்று அவர் முனகினார்.

அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றி, அக்காவின் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டேன். மார்பில் பெரிய பூப்போட்ட சட்டை அது. இரண்டு தூக்கப் பைகளைச் சுற்றினேன். படகு பக்கத்திலேயே தீ மூட்டினோம். சூடாக மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். கோப்பையைப் பிடிக்க வராமல் முதலில் நான்தான் வாயில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் பலமாகத் திரும்பி வந்தது, அது நல்ல அறிகுறி என்றார் தங்கை. பிறகு மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. சகோதரிகளுக்கும் ரசம் கொடுத்தேன். அக்கா கண்ணில் தண்ணீர் வர இருமி, இன்னொரு கோப்பை கேட்டார்.

அன்று சாயங்காலம்வரை அவர் தரையில் இருந்த படகில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பாறையில் மேலும் கீழும் நடந்தேன். முதலில் பயத்தில் நடந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்ததும் கோபத்தில் நடந்தேன். ஒரு அட்டைக்காக ஒரு மனிதன் விறைத்துச் சாக உட்காருவானா? அதற்குப் பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த வேலை எனக்கு மறுபடி வேண்டியிருந்தது. வேண்டாம் என்று அழுத ஈரம் காயவில்லை, அதற்குள் திங்கட்கிழமை எந்தப் புடவை, புடவையா பேண்ட்டா என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தால் பூப்போட்ட கம்பளிச் சட்டையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பொழுது போகவில்லை என்று மற்றவர்கள் நினைத்த மாதிரி இந்த மனிதர் நினைக்கவில்லை, என்ன வேண்டும் என்று தெரிந்துதான் ஐந்து வருடமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

காற்று நின்றதும் சகோதரிகள் அவரைப் படகோடு தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். கம்பளிச் சட்டையைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். நான் முன்னால் ஏறித் துடுப்பை எடுத்தேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். பேண்ட்தான். எனக்கென்று ஒரு மேஜை, ஒரு சோல்டரிங் அயர்ன், கழுத்தில் தொங்கும் ஒரு அட்டை. கீழ்வீட்டுக் கிழவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஆபீஸ் போன் அடித்தால் திக்கென்றது. எல்லாம் தெரிந்துவிட்டது, கிளம்பு என்று யாரோ சொல்லப் போகிறார்கள் என்று. அடுத்த வருடம் கிரீன் கார்டு நேர்காணலுக்கு வரச்சொல்லித் தபால் வந்ததும் தூக்கமே போயிற்று.

"என்னைக் கேட்டா நான் போகலைன்னு சொல்லலாம். அது பொய் இல்ல," என்றார் அவர் ஒருநாள், தோசைக்குக் காத்துக்கொண்டு. "உன்னைக் கேட்டா?"

"போகலைன்னு சொல்லுவேன். எனக்கென்ன?" என்றேன். பாத்ரூமில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியும் பார்த்தேன். சுலபமாகத்தான் வந்தது.

நேர்காணல் எடுத்த பெண்மணி சிடுசிடுப்பானவர் இல்லை. எங்களைக் கையை உயர்த்தச் சொல்லி, உண்மையே சொல்வோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பெயர், முகவரி, கல்யாணத் தேதி. விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, என் கணவரைப் பார்த்துக் கேட்டார். விண்ணப்பித்த பிறகு அமெரிக்காவை விட்டு வெளியே போனீர்களா?

"நோ, மேம்," என்றார். குரலில் பிசிறில்லை.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "அண்ட் யூ?"

எனக்கு நாக்கு எழவில்லை. பயமில்லை. அந்தப் பாறை என் வெறுங்காலுக்கு அடியில் எப்படிச் சில்லென்று இருந்தது என்பது ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், போனேன், என் புருஷனை இழுத்துப் போட இறங்கினேன், எழுதிக்கொள் என்று சொல்ல வாய் துடித்தது. இத்தனை வருடத்தில் இந்தத் தேசத்தில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. அதைப் போய் நடக்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "எஸ்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஷி வாஸ் வித் மீ, மேம்," என்றார் என் கணவர். "ஷி டிட் நாட் கோ எனிவேர்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். காது மடல் சிவந்திருந்தது. நனைந்து, விறைத்து, ஒரு முழு மத்தியானம் படகில் உட்கார்ந்து சேர்த்துவைத்த உண்மையை எனக்காகக் கொட்டிவிட்டார்.

"அவங்களே சொல்லட்டும்," என்ற பொருளில் அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

இனி நான் ஆமாம் என்றால் அவர் பொய்யர் ஆகிவிடுவார். "நோ," என்றேன். கண்ணாடி முன்னால் சுலபமாக வந்த சொல், வெளியே வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பெண்மணி முத்திரையை எடுத்தார். இரண்டு பாஸ்போர்ட்டிலும் குத்தினார். வாழ்த்துச் சொன்னார்.

பார்க்கிங் லாட்டில் காரில் ஏறியும் அவர் சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சை லேசாக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"எறங்க மாட்டேன் எறங்க மாட்டேன்னு அவ்ளோ ஆட்டம் போட்டீங்க. கடைசில எறங்கிட்டீங்களே."

அவர் சிரிக்கவில்லை. முன் கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு அந்தப் பாறைல நீ மட்டும் தனியா நின்னுட்டிருந்த, இல்ல?"

சாவியை வாங்கிக்கொண்டு நான்தான் கார் ஓட்டினேன்.